அங்பாவ் விளக்கா, துலிப் மடிப்பா, தட்டு முயலா?

முதல் தவணை முடிந்து மார்ச் மாதத்தில் வரும் ஒரு வாரப் பள்ளி விடுமுறையில், சிறு பிள்ளைகள் உள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வண்ணத்தாளும் கத்தரிக்கோலும் மேசைக்கு வந்துவிடுகின்றன. வசந்தம் என்ற பருவமே இல்லாத சிங்கப்பூரில் வசந்தகாலக் கைவினைகளாகச் செய்யத் தக்கவை மூன்று: சீனப் புத்தாண்டில் மிஞ்சிய அங்பாவ் உறையில் (அன்பளிப்புப் பணம் வைத்துக் கொடுக்கும் உறை) செய்யும் தொங்குவிளக்கு, ஓரிகாமி என்னும் ஜப்பானியத் தாள்மடிப்பு முறையில் மடிக்கும் துலிப் மலர், ஈஸ்டருக்கான காகிதத் தட்டு முயல். செய்துமுடித்த பொருளின் அழகைவிட, தாளின் தன்மையையும் பிள்ளையின் கைப்பழக்கத்தையும் பார்த்தே இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

அங்பாவ் விளக்கே என் முதல் தேர்வு. அந்தந்த ஆண்டின் விலங்கு அச்சிடப்பட்ட உறைகளை மறு ஆண்டு யாருக்கும் கொடுக்க மனம் வராது என்பதால், தாளுக்கென்று தனிச் செலவு இல்லை. உறையின் ஒட்டிய ஓரங்களைப் பிரித்து விரித்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து விரலகல இடைவெளியில் வெட்டிக்கொண்டே போக வேண்டும். எதிர் ஓரத்துக்கு ஒரு விரலகலம் முன்பே ஒவ்வொரு வெட்டையும் நிறுத்திவிட வேண்டும். பிறகு விரித்து உருளையாகச் சுருட்டினால் விளக்கு தயார். பளபளப்பான பரப்பில் பசைக்குச்சி பிடிக்காது. இருபக்க ஒட்டுநாடாவே நிற்கும். வெட்டுகளுக்கிடையே, உறையில் அச்சான குதிரையின் தலை ஓரிடத்திலும் வால் வேறிடத்திலும் போய்விடுவதுண்டு. பெரியவர்களைவிடப் பிள்ளைகளே அதை அதிகம் ரசிக்கிறார்கள். தடித்த தாளை இரண்டு மடிப்பாக வெட்டுவதற்குக் கைவலு வேண்டும் என்பதால், ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது கடினம்.

துலிப் மலருக்குக் கத்தரிக்கோலும் வேண்டாம், பசையும் வேண்டாம். சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, இடமும் வலமும் உள்ள முனைகளைச் சற்றே சாய்வாக மேலே மடித்தால் இதழ்கள் தெரியும். அடிமுனையைப் பின்புறம் மடித்தால் வேலை முடிந்தது. ஆனால் முதல் மடிப்பில் மூலைகள் சிறிது விலகினாலும் அந்தப் பிழை அடுத்தடுத்த மடிப்புகளிலும் தொடரும். பொறுமையைப் பழக்க இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. பொறுமையே இல்லாத பிள்ளைக்கோ இதைவிட எரிச்சலூட்டுவதும் இல்லை. மெல்லிய ஓரிகாமித் தாள் நம் ஊர்க் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடுவதும் ஒரு குறை. நகலெடுக்கும் தாளைச் சதுரமாக வெட்டிக்கொண்டால் மடிப்பு விறைப்பாக நிற்கும்.

தட்டு முயலை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம், காதுகளை வரைவதும் வெட்டுவதும் பெரும்பாலும் அம்மாவின் வேலையாகவே முடிகிறது என்பதுதான். நான்கு வயதுப் பிள்ளைக்குப் பொருந்துவது இது ஒன்றே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளைத் தாளைப் பிள்ளையே துண்டு துண்டாகக் கிழித்து ரோமமாக ஒட்டினால், முயலில் அதன் கைவண்ணமும் சேரும். மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசிய தட்டில் வண்ணம் ஒட்டாமல் வழிந்துவிடும் என்பதால் வெற்றுக் காகிதத் தட்டாகவே வாங்க வேண்டும். ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிறிலும் வரலாம். அது பள்ளி விடுமுறையைத் தாண்டிப் போகும் ஆண்டுகளில், பொது விடுமுறையான புனித வெள்ளியன்று முயலைச் செய்துகொள்ளலாம்.