ஹெர்ப்பிஸ் 1-ஆ, 2-ஆ: எந்த ஆன்டிபாடி சோதனை?

ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் புண் உண்டாக்கும் வைரஸ், அதில் 1, 2 என இரு வகை. புண் கண்ணெதிரே இருந்தால் அதிலிருந்து ஸ்வாப் எடுத்து பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) பார்ப்பதுதான் சரி, அதில் விவாதமே இல்லை. புண் ஆறிப்போய், சோதனைக்கு ரத்த மாதிரி மட்டும் வரும்போதுதான் சிக்கல். அப்போது வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கிய ஆன்டிபாடியை வைத்துத்தான் வகையைச் சொல்ல வேண்டும். அதற்காக எங்கள் ஆய்வகத்தில் மூன்றைப் பரிசீலித்தோம்: முழு வைரஸையும் உடைத்துச் சோதனைத் தட்டின் குழியில் பூசிய பழைய பாணி எலைசா (ஆன்டிபாடி ஒட்டினால் நிறம் காட்டும் சோதனை), கிளைக்கோபுரோட்டீன் ஜி என்ற ஒரே புரதத்தைப் பூசிய எலைசா, வைரஸ் புரதங்களைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட். இரண்டாவதை எடுத்தோம்.

இரண்டு எலைசாவுக்கும் செய்முறை ஒன்றுதான், நிறத்தை அளக்கும் ரீடரும் ஒன்றுதான். குழியில் என்ன பூசியிருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1-உம் 2-உம் நெருங்கிய பங்காளிகள். கிளைக்கோபுரோட்டீன் பி என்ற இன்னொரு வைரஸ் புரதத்தை எடுத்துக்கொண்டால் இரண்டிலும் ஏறக்குறைய 85 சதவீதம் ஒன்றே. சிறு வயதில் உதட்டுப் புண்ணோடு 1 தொற்றியவரின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) 2-ன் முழு வைரஸ் பூசிய குழியில் விட்டுப் பாருங்கள். கடைசியில் அமிலம் சேர்த்ததும் அதுவும் பளிச்சென்று மஞ்சளாகும். 2 தொற்றியே இராத ஒருவருக்கு 2 பாசிட்டிவ் என்று அறிக்கை போய்விடும். பெட்டியில் '1, 2 தனித்தனியே' என்று அச்சிட்டிருந்தாலும், உள்ளே இருப்பது முழு வைரஸ் என்றால் அந்தப் பிரிப்பை நான் நம்புவதில்லை.

ஜி புரதம் அப்படியல்ல. 2-ல் அது 699 அமினோ அமில நீளம். 1-லோ வெறும் 238. 2-ன் ஜி-யில் உள்ள ஒரு பெரிய துண்டு 1-ல் கிடையவே கிடையாது. அந்தத் துண்டுக்கு எதிரான ஐஜிஜி (நீண்டகாலம் நிற்கும் ஆன்டிபாடி வகை) ஒருவரிடம் இருந்தால், அது 2 தொற்றியதால் வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பெரும்பாலும்தான். பரவலாகப் பயன்படும் கிட்டில் இண்டெக்ஸ் (வந்த நிற அளவை எல்லை அளவோடு ஒப்பிட்ட எண்) 1.1-ஐத் தாண்டினால் பாசிட்டிவ். ஆனால் 1.1 முதல் 3.0 வரை வருபவற்றில் பொய் பாசிட்டிவ் நிறைய. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இப்படி வருவதை வேறொரு முறையில் உறுதிசெய்யச் சொல்கிறது. அறிக்கையில் வெறும் 'பாசிட்டிவ்' என்று எழுதாமல் எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்வது இதனால்தான். 1.4-உம் 8-உம் ஒன்றாகிவிடுமா? அப்புறம், ஜி-க்கு எதிரான ஆன்டிபாடி மெதுவாக வருவது. தொற்றி 12 வாரம் ஆகாமல் வந்த நெகட்டிவை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவசரத்துக்கு ஐஜிஎம் (தொற்றின் தொடக்கத்தில் வரும் ஆன்டிபாடி வகை) பார்க்கலாமே என்பார்கள். அது வகையையும் பிரிக்காது, பழைய தொற்று கிளம்பும்போதும் தலைகாட்டும். நாங்கள் போடுவதில்லை.

வெஸ்டர்ன் பிளாட்டின் பலம், ஒரே புரதத்தை நம்பி நிற்காமல் பட்டைகளின் முழு வரிசையையும் பார்ப்பது. குழப்பமான சீரத்தை முதலில் 1-ன் புரதங்களோடு கலந்து, பொதுவான ஆன்டிபாடிகளை உறிஞ்சி எடுத்துவிட்டு, மிச்சம் 2-ல் ஒட்டுகிறதா என்றும் பார்க்கலாம். துல்லியத்தில் அதுதான் மேல். ஆனால் வேலை அதிகம், படிக்கத் தேர்ந்த கண் வேண்டும், செய்யும் இடங்களும் மிகக் குறைவு. நான் மாதிரிகளை வெளியே அனுப்பி முடிவு வாங்கியதோடு சரி, கையால் செய்ததில்லை. ஆகவே அதன் நெளிவுசுளிவுகளை அதிலேயே இருப்பவர்களிடம் கேளுங்கள்.

இவ்வளவும் 2-ஐ மனதில் வைத்துச் சொன்னது. 1-ன் ஜி எலைசா தொற்று உள்ளவர்களையே கணிசமாகத் தவறவிடும். அதில் வரும் நெகட்டிவுக்கு நான் அதே உறுதியோடு கையெழுத்துப் போடமாட்டேன்.