பத்துக்குப் பத்து அறையில் மிக்சிங்: மானிட்டரா, ஹெட்ஃபோனா?

வீட்டிலேயே பாட்டு செய்யக் கிளம்பும் எல்லோருக்கும் லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்ஃபோனையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), மைக் மூன்றும் வந்து சேர்ந்த பிறகு ஒரு கேள்வி வரும். மிச்சமிருக்கும் பணத்தை ஒரு ஜோடி ஸ்டூடியோ மானிட்டரில் (மிக்சிங்குக்கான ஸ்பீக்கர்) போடுவதா, நல்ல ஹெட்ஃபோனில் போடுவதா? நான் ஹெட்ஃபோன் பக்கம். நண்பர் ஒருவர் வெளியூர் போனபோது அவருடைய 5 அங்குல மானிட்டர் ஜோடி சில மாதங்கள் என் அறையில் இருந்தது. அதில் வேலை செய்து பார்த்துவிட்டுத்தான் ஹெட்ஃபோன் வாங்கினேன். குறும்படப் பின்னணி இசை, தனிப்பாடல், ஊர்த் திருவிழாவுக்கான பக்திப் பாடல் என்று இப்போது எல்லாமே அதில்தான் மிக்ஸ் ஆகிறது, அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துச் சேர்க்கும் வேலை நடக்கிறது. அதனால் இதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மானிட்டர் ஜோடிக்கு விலை அதிகம், மேஜையில் இடம் வேண்டும், இரவு பத்து மணிக்கு மேல் மாடி வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஹெட்ஃபோனில் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் காது சூடாகும், ஒருவர் மட்டும்தான் கேட்க முடியும். தவிர, வீட்டில் குரல் பதிவு செய்கிறவருக்கு ஹெட்ஃபோன் எப்படியும் தேவை. பாடும்போது மானிட்டரை ஓடவிட்டால் அந்தச் சத்தமும் மைக்கில் ஏறிவிடும். ஆக, மானிட்டர் வாங்குகிறவரும் ஒரு ஹெட்ஃபோன் வாங்கியே தீர வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை இதெல்லாம் இரண்டாம்பட்சம். எதை வாங்குவது என்று முடிவு செய்வது அறைதான்.

நம் ஊர் அடுக்குமாடிகளில் சின்ன படுக்கையறை என்றால் பெரும்பாலும் 10க்கு 10 அடி. கூரை உயரமும் ஏறத்தாழ 10 அடி. அதாவது ஒரு கனசதுரம். ஒலிக்கு இதைவிட மோசமான வடிவம் கிடையாது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே, அந்த இடைவெளியைப் போல இரண்டு மடங்கு அலைநீளமுள்ள ஒலி வந்தால் அது அங்கேயே நிலைத்து அதிரும். 10 அடி என்பது 3.05 மீட்டர், அதன் இரண்டு மடங்கு 6.1 மீட்டர். நம் வெயிலில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். வகுத்தால் 57 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் உயரமும் வேறு வேறாக இருந்தால் இந்த அதிர்வுகளும் மூன்று இடங்களில் பிரிந்து விழும். கனசதுர அறையில் மூன்றும் அதே 57இல் வந்து குவிகின்றன. அடுத்த சுற்று 114 ஹெர்ட்ஸ், அதிலும் இதே கதை.

57 ஹெர்ட்ஸில் அப்படி என்ன இருக்கிறது? பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். கிக் ட்ரம்மின் கனமான அடியொலியும் அநேகமாக இதன் பக்கத்தில்தான். சுருதிக் கணக்கில் சொன்னால் ஆறு கட்டைக்கும் ஆறரைக்கும் நடுவே. பெண் குரலுக்காக ஆறு கட்டையில் ஒரு பாட்டு அமைத்தால், பேஸ் ஆதார ஸட்ஜத்துக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அறை தானும் சேர்ந்து பாடும். நாலு கட்டையில் அமைத்த அடுத்த பாட்டில் அது நடக்காது. ஒரே அறை, ஒரே ஸ்பீக்கர், ஆனால் ஒரு பாட்டில் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியைக் குறைப்போம், இன்னொன்றில் கூட்டுவோம். இரண்டு முடிவுமே பாட்டைக் கேட்டு எடுத்தவை அல்ல.

இன்னும் மோசம், இது உட்காரும் இடத்தைப் பொறுத்தும் மாறும். அந்த அதிர்வு சுவரோரத்திலும் மூலையிலும் உச்சத்தில் இருக்கும், அறையின் நட்ட நடுவில் ஏறக்குறைய காணாமல் போகும். நாற்காலியில் உட்கார்ந்தவரின் காது தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கும். அது கூரை உயரத்தின் பாதிக்குக் கிட்டத்தில் வந்துவிடுகிறது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே உட்கார்ந்தால் அகலத்திலும் பாதி. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் நீளத்திலும் பாதி. மூன்று பாதியும் கூடுகிற அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு "பேஸ் போதவில்லையே" என்று ஏற்றிக்கொண்டே போவோம். காரில் போட்டால் கதவு பலகை கிடுகிடுக்கும்.

இதை நம்ப என் வார்த்தை தேவையில்லை. பெரும்பாலான மிக்சிங் மென்பொருள்களில் ஒரே அதிர்வெண்ணை ஒலிக்கவிடும் டோன் ஜெனரேட்டர் ஒன்று இருக்கும். 57 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஒலிக்கவிட்டு, மூலையிலிருந்து அறையின் நடுவுக்கு மெதுவாக நடந்து பாருங்கள். அந்த அதிர்வெண்ணை வெளியே தள்ளும் அளவுக்கு ஸ்பீக்கர் இருந்தால், இரண்டடி நகர்ந்ததுமே வித்தியாசம் காதுக்குத் தெரியும். என் அறையில் சத்தத்தோடு ஸ்டீல் பீரோவும் சேர்ந்து அதிர்ந்தது.

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் வெளிநாட்டு வீடுகளை வைத்துச் சொன்னவை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்க வீடுகளில் உட்சுவர் என்றால் பெரும்பாலும் சட்டத்தின் மேல் அடித்த ஜிப்சம் பலகை. தாழ்ந்த அதிர்வெண் வரும்போது அந்தப் பலகையும் சேர்ந்து அசைந்து கொஞ்சம் ஆற்றலைத் தின்றுவிடும், கொஞ்சத்தை வெளியேயும் விடும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் டைல்ஸ் தரையும் அசைவதே இல்லை. உள்ளே போன பேஸ் உள்ளேயே சுற்றும். "சின்ன மானிட்டர் வாங்கி ரெண்டு மூலையில் டிராப் (பேஸை உறிஞ்சும் தடுப்பு) வையுங்கள், போதும்" என்ற அறிவுரை அந்த வீட்டுக்குச் சரியாக இருக்கலாம். நம் சுவருக்கு அது போதாது.

அறையைச் சரிசெய்ய முடியாதா என்றால், முடியும், ஆனால் செலவு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். முட்டை அட்டையும் ஒரு அங்குலப் பஞ்சு ஃபோமும் மேல் அதிர்வெண்களை மட்டும்தான் விழுங்கும். அறை மந்தமாகக் கேட்கும், பேஸ் அப்படியே இருக்கும். பஞ்சு வகை உறிஞ்சிகள் நன்றாக வேலை செய்ய அலைநீளத்தில் கால்பங்கு தடிமன் வேண்டும். 57 ஹெர்ட்ஸுக்கு அது ஐந்தடி, அதாவது பாதி அறை. நடைமுறையில் மூலைகளில் ஓரடிக்கு மேல் தடிமனாக ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) அடுக்குவார்கள். அதில் கொஞ்சம் பலன் உண்டு. வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டியவர்கள் தரை முதல் கூரை வரை நாலு மூலையிலும் ராக்வூல் நிறுத்துவதை யோசித்துப் பாருங்கள். வீடு மாறும்போது அந்தச் செலவு அங்கேயே தங்கிவிடும். இலவம்பஞ்சு மெத்தையை மூலையில் சாய்த்து வைத்தாலும் குரல் பகுதி தெளிவாகும். பேஸுக்கு அது போதாது.

இன்னொன்றும் இருக்கிறது. படுக்கையறைக்கு வாங்கும் 5 அங்குல மானிட்டர்கள் 57 ஹெர்ட்ஸ் ஆழத்துக்கு முழு பலத்தோடு போவதே இல்லை. யமஹா எச்எஸ்5 நல்ல மானிட்டர். அதன் குறிப்பிலேயே 74 ஹெர்ட்ஸில் 3 டெசிபலும் 54 ஹெர்ட்ஸில் 10 டெசிபலும் குறைந்திருக்கும் என்று போட்டிருக்கிறார்கள். ஸ்பீக்கர் இறங்கிப்போகும் இடத்தில் அறை தூக்கிவிடுகிறது அல்லது அமுக்குகிறது. கடைசியில் காதுக்கு வருவது என்ன என்று கணக்குப் போடவே முடியாது. 8 அங்குலமோ சப்வூஃபரோ வைத்த அறையில் நான் அதிகம் வேலை செய்ததில்லை. ஆனால் அறையைச் சரிசெய்யாமல் பேஸை மட்டும் கூட்டினால் நிலைமை கூடுதலாகக் கெடும் என்றே கருதுகிறேன்.

ஹெட்ஃபோனில் அறையே கிடையாது. எனக்கு அதை வாங்க இந்த ஒரு காரணம் போதுமாக இருந்தது. கிக்கும் பேஸும் ஒன்றையொன்று மறைக்கிறதா, தவிலின் தொப்பிப் பக்கம் வீங்குகிறதா என்பதை இரவு பன்னிரண்டு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் ஒரே மாதிரி கேட்க முடிகிறது. இன்று கேட்டது நாளையும் அதேதான். வீடு மாறினாலும் அதேதான்.

குறைகளும் உண்டு. ஸ்பீக்கரில் இடது பக்க ஒலி வலது காதுக்கும் கொஞ்சம் போகும். ஹெட்ஃபோனில் போகாது. அதனால் இடம்-வலம் பிரிப்பு உள்ளதைவிட அகலமாகத் தெரியும். ஒரு பக்க ஒலியை மறு காதுக்கும் கொஞ்சம் கலந்துவிடும் கிராஸ்ஃபீட் பிளகின் (மிக்சிங் மென்பொருளில் சேர்க்கும் துணைக்கருவி) ஒன்றைப் போட்டால் இது பாதி சரியாகும், முழுக்கச் சரியாகாது. ரிவெர்ப் (குரலுக்குச் சேர்க்கும் எதிரொலி) துல்லியமாகக் கேட்பதால் கையைச் சுருக்கிவிடுவோம், வெளியே போட்டால் பாட்டு வறண்டிருக்கும். எனக்கு அதிகம் தொல்லை தந்தது குரல் அளவு. பாடுகிறவர் தலைக்குள் நின்று பாடுவது போல இருப்பதால் குரலைக் குறைக்கத் தோன்றும். தமிழ்ப் பாட்டில் வரி கேட்கவில்லை என்றால் எல்லாம் போச்சு. அதனால் குரல் அளவை மட்டும் நான் ஹெட்ஃபோனில் முடிவு செய்வதில்லை. போன் ஸ்பீக்கரில் சின்ன சத்தத்தில் போட்டு, பக்கத்து அறையிலிருந்து கேட்பேன். வரி புரிந்தால் சரி. போன் ஸ்பீக்கர் பேஸின் அடிப்பகுதியைத் தரவே தராது என்பதால் இன்னொரு விஷயமும் அதில் தெரிந்துவிடும்: பேஸ் வரி அடியோடு மறைந்தால் அதற்கு லேசான சாச்சுரேஷன் (மேல் அதிர்வெண்களைச் சேர்க்கும் மெல்லிய சிதைவு) தேவை.

எந்த ஹெட்ஃபோன்? மிக்சிங்குக்கு ஓப்பன் பேக் (காதுக்கூட்டின் வெளிப்பக்கம் திறந்த) வகைதான். சென்ஹைசர் எச்டி 600, பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ இரண்டும் பல காலமாக நிற்கும் பெயர்கள். எச்டி 600 நடுப்பகுதியை நேர்மையாகச் சொல்லும், குரலுக்கு அதுதான் என் தேர்வு. டிடி 990இல் 8 ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருக்கிறது. அது தெரியாமல் மிக்ஸ் செய்தால் ஜால்ராவும் 'ஸ'கரமும் மங்கிப்போகும். ஓப்பன் பேக்கில் ஒலி வெளியே கசியும், ஃபேன் சத்தம் உள்ளே வரும். குரல் பதிவுக்கு அது ஆகாது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டிடி 770 ப்ரோ, சோனி எம்டிஆர்-7506 மாதிரி மூடிய வகையில் ஒன்றை எடுத்து இரண்டு வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம். சென்ஹைசர் எச்டி 600 மின்தடை அதிகமான 300 ஓம் வகை, லேப்டாப் சாக்கெட்டில் செருகினால் சத்தம் போதாது, இன்டர்ஃபேஸ் வழியாகத்தான் கேட்க வேண்டும்.

பராமரிப்பு பெரிதில்லை. நம் புழுக்கத்தில் ரெக்சின் மாதிரி உறை போட்ட பேட் (காதைச் சுற்றி அமரும் மெத்தை) உரிந்து கழுத்தெல்லாம் கறுப்புத் துணுக்காக ஒட்டும். வெல்வெட் வகை நிற்கும். பேட் தட்டையானால் காதுக்கும் டிரைவருக்கும் (உள்ளே ஒலி எழுப்பும் பகுதி) இடைவெளி குறைந்து ஒலியே மாறும், அதனால் பேட் தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். சத்த அளவில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குச் சொல்லப்படும் வரம்பு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். ஹெட்ஃபோனில் சத்தம் மெல்ல மெல்ல ஏறுவது தெரியாது. இன்டர்ஃபேஸ் குமிழில் ஒரு கோடு போட்டு வைத்து அதைத் தாண்டாமல் இருக்கிறேன்.

மானிட்டர் யாருக்கு என்றும் சொல்ல வேண்டும். பாடகரும் கவிஞரும் இயக்குநரும் ஒரே அறையில் உட்கார்ந்து கேட்டு "இந்த இடத்தில் கொஞ்சம் ஏத்துங்க" என்று பேசும் வேலை உங்களுடையது என்றால் ஹெட்ஃபோன் உதவாது. சொந்த வீடு, 12க்கு 15 மாதிரி நீள்சதுர அறை, ராக்வூலுக்கும் தச்சருக்கும் பணம், இவை மூன்றும் இருந்தாலும் தாராளமாக மானிட்டர் வாங்கலாம். அப்படிச் செப்பனிட்ட ஒரு அறையில் கேட்டிருக்கிறேன். ஆழமும் அகலமும் அங்கே கண்முன் விரிந்தன, எந்த ஹெட்ஃபோனிலும் அது கிடைக்கவில்லை.

ஏற்கெனவே மானிட்டர் வாங்கிச் சதுர அறையில் வைத்திருப்பவர்கள் அதை விற்க வேண்டியதில்லை. அறையின் நடுவில் உட்காராமல் முன்சுவரிலிருந்து நீளத்தில் 38 சதவீதம், அதாவது 10 அடிக்கு நாலடிக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் காது இருக்கும்படி நாற்காலியைப் போடுங்கள். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து தள்ளி வையுங்கள். சத்தத்தைக் குறைத்து வைத்துக் குரல், ரிவெர்ப், இடம்-வலம் மூன்றையும் அதில் முடிவு செய்யுங்கள். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை மட்டும் ஹெட்ஃபோனுக்கு விட்டுவிடுங்கள்.