சிரியானா: தன் முடிச்சுகளிலேயே சிக்கிக்கொண்ட எண்ணெய் அரசியல்

ஸ்டீபன் கேகன் எழுதி இயக்கி 2005இல் வெளிவந்த ‘சிரியானா’, வளைகுடா எண்ணெய்க்காக அமெரிக்க நிறுவனங்களும் வாஷிங்டன் வழக்கறிஞர்களும் சி.ஐ.ஏ.வும் சேர்ந்து ஒரு நாட்டின் அரியணையில் யார் அமர்வது என்பதையே தீர்மானிக்கும் விதத்தைச் சொல்ல முனைந்த படம். முன்னாள் சி.ஐ.ஏ. அதிகாரி ராபர்ட் பேயரின் நினைவுக் குறிப்புகள் இதற்குத் தூண்டுதலாக இருந்தன. பெரிய நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு இப்படியொரு பொருளைத் தொடும் துணிவு ஹாலிவுட்டில் அரிது என்பதால்தான், படம் கைநழுவிப் போகும் இடங்கள் கூடுதல் வருத்தம் தருகின்றன.

கதை நான்கு இழைகளாக ஓடுகிறது. பெயர் சொல்லப்படாத ஓர் அமீரகத்தின் இளவரசர் நாசிர், எரிவாயு உரிமையை அமெரிக்காவின் கானெக்ஸ் நிறுவனத்திடமிருந்து எடுத்துச் சீன நிறுவனத்துக்குக் கொடுக்கிறார். கசகஸ்தானில் எண்ணெய் உரிமை பெற்ற கில்லன் என்னும் சிறிய நிறுவனத்துடன் கானெக்ஸ் இணைய முயல, அந்த இணைப்பில் உள்ள ஊழலை பென்னட் ஹாலிடே என்னும் வழக்கறிஞர் ஆராய்கிறார். நாசிரைக் கொல்லும் பணி சி.ஐ.ஏ.யின் பாப் பார்ன்ஸிடம் வருகிறது. மகனை விபத்தில் இழந்த பொருளாதார ஆய்வாளர் ஒருவர் அதே நாசிருக்கு ஆலோசகராகிறார். வளைகுடாவில் வேலையிழந்த பாகிஸ்தானிய இளைஞன் வாசிம், மதரசா ஒன்றின் வழியே தற்கொலைத் தாக்குதலுக்குத் தயாராகிறான்.

எண்ணெய் அரசியல் உண்மையிலேயே சிக்கலானது. அதைச் சிக்கலாகக் காட்டியதில் தவறில்லை. ஆனால் யார் யாரிடம் வேலை பார்க்கிறார், இந்தக் கூட்டம் எந்த நகரத்தில் நடக்கிறது என்பன போன்ற அடிப்படைச் செய்திகளைக்கூடப் படம் நமக்குச் சொல்லாமல் மறைத்து வைத்துக்கொள்கிறது. கோட் அணிந்த நடுவயது ஆண்கள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பாதி வாக்கியங்களைப் பேசுகிறார்கள். அவர்களில் யார் கானெக்ஸ், யார் அரசுத் தரப்பு என்று நாம் அடையாளம் கண்டுகொள்வதற்குள் காட்சி மாறிவிடுகிறது. கேகன் திரைக்கதை எழுத, ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய ‘டிராஃபிக்’ படத்திலும் பல இழைகள் உண்டு. அங்கே மெக்சிகோவுக்கு மஞ்சள் சாயலும் வாஷிங்டனுக்கு நீலச் சாயலும் கொடுத்திருந்ததால், ஒரு காட்சி தொடங்கிய நொடியிலேயே எங்கே இருக்கிறோம் என்பது பிடிபட்டுவிடும். அத்தகைய உதவி எதுவும் இங்கே இல்லை.

படத்தின் மிக முக்கியமான கண்ணியே இந்தக் குழப்பத்தில் அடிபடுகிறது. தொடக்கத்தில் டெஹ்ரானில் பார்ன்ஸ் விற்கும் ஏவுகணைகளில் ஒன்று, நீலக் கண்கள் கொண்ட எகிப்தியர் ஒருவரின் கைக்குப் போகிறது. இறுதியில் வாசிம் எரிவாயுக் கப்பலை நோக்கி ஓட்டிச் செல்லும் படகில் இருப்பது அதே ஆயுதம்தான். அமெரிக்க உளவாளி விற்ற ஆயுதம் அமெரிக்க எண்ணெய் நலனையே தாக்குகிறது என்பது எவ்வளவு வலுவான செய்தி! அதை இயக்குநர் ஓரிரு பார்வைகளில் கடந்துவிடுகிறார். மாறாக, ஹாலிடேவின் குடிகாரத் தந்தை அவ்வப்போது வாசற்படியில் வந்து அமர்கிறார். அவரால் கதை ஓரடியும் நகர்வதில்லை.

அந்த நேரம் வாசிமுக்குப் போயிருக்க வேண்டும். நிறுவனம் கைமாறியதால் வேலை பறிபோவதும், வேறு வேலை கிடைக்காவிட்டால் நாட்டைவிட்டு வெளியேற வேண்டிய நெருக்கடியும், வரிசையில் பேசியதற்காகக் காவலர்களிடம் அடிவாங்குவதும், தாயை அழைத்துவர முடியாத தந்தையின் ஏக்கமும் மிக நேர்த்தியாகப் படமாக்கப்பட்டுள்ளன. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய நம் ஊர்க் குடும்பங்களுக்கு இதில் எந்த விளக்கமும் தேவைப்படாது. மஸார் முனீரின் அமைதியான நடிப்பும் மனத்தில் நிற்கிறது. இருந்தும், வேலை தேடி அலையும் இளைஞன் உயிரைக் கொடுக்கத் துணிவது வரையிலான மாற்றம் சில துண்டுக் காட்சிகளுக்குள் முடிந்துவிடுகிறது.

பார்ன்ஸாக நடித்த ஜார்ஜ் க்ளூனிக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது தகுதியானதே. உடல் பெருத்து, களைத்து, தன் அமைப்பாலேயே கைவிடப்பட்ட மனிதராக அவர் நம்பவைக்கிறார். நாசிராக வரும் அலெக்சாண்டர் சிடிக்கின் கம்பீரமும் குறிப்பிடத்தக்கது. பார்க்க விரும்புவோர், நாசிரும் அவருடைய தம்பியும் அரியணைக்குப் போட்டியிடுபவர்கள் என்பதையும், கானெக்ஸுக்குத் தம்பியே வேண்டியவர் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு அமர்ந்தால் பாதிக் குழப்பம் தீரும்.