3 ஆண்டுகளும் 17 'வந்து'களும்

மேடைப் பேச்சுப் பயிற்சி மன்றத்தில் சேரலாமா என்று அலுவலக நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். அரையாண்டுச் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லும் குறுஞ்செய்தியும் அதே நாளில் வந்ததால், அவரிடம் சொன்னதைச் சற்று விரித்து எழுதுகிறேன். தியாகராய நகரில் ஞாயிறுதோறும் கூடும் அந்த மன்றத்தில் நான் 3 ஆண்டுகளாக உறுப்பினன். ஆயத்தப் பேச்சுக்கு 5 முதல் 7 நிமிடம், திடீர்த் தலைப்புக்கு 2 நிமிடம், நேரம் முடிவதை உணர்த்தப் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை காட்ட ஒருவர் என்ற நடைமுறை பலரும் அறிந்ததே. அதில் எனக்குக் குறையில்லை.

குறையெல்லாம் அசைச்சொல் எண்ணுபவர் மீதுதான். பேச்சினிடையே வரும் 'ஆ', 'ம்', 'வந்து', 'அதாவது' ஆகியவற்றைக் கோடு போட்டு எண்ணி, கூட்ட முடிவில் பெயர் சொல்லி வாசிப்பதற்கென்றே ஒருவர் அமர்த்தப்படுகிறார். புலவர் செய்யுளில் பொருளின்றி 'மாதோ' என்றால் அது அசைநிலை என்று இலக்கணமே இடம்தரும். நான் 'வந்து' என்றால் பிழை. என் முதல் பேச்சில் 17 'வந்து'. எண்ணிக்கை சரியாகவே இருந்திருக்கும். ஆனால் அடுத்த ஆறு மாதம் மேடையேறியபோதெல்லாம் அவையினர் எவரும் என் கண்ணில் படவில்லை. மூன்றாம் வரிசையில் அசையும் பேனா மட்டுமே பட்டது. 'வந்து' போயிற்று, அந்த இடத்தில் 'பார்த்தீங்கன்னா' வந்து உட்கார்ந்துகொண்டது.

என்னைத் தேற்றியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். என் பேச்சை மதிப்பிட வந்தவர், "தம்பி, உங்களைவிட உங்க பேப்பர்தான் அதிகமா நடுங்குது, அடுத்த தடவை அட்டையில எழுதிட்டு வாங்க" என்றார். கையின் சிறு நடுக்கத்தை ஏ4 தாள் பெரிதாக்கிக் காட்டும். ஒலிவாங்கி அதன் சரசரப்பையும் சபைக்குச் சொல்லிவிடும். உள்ளங்கை அளவு அட்டைக்கு மாறிய அன்றே பாதிப் பயம் விட்டது. மூச்சை 4 எண்ணும் வரை இழுத்து 8 எண்ணும் வரை விடவும் அவரே கற்றுத்தந்தார். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிவது உடலின் இயல்பு என்பதால், விடுவதை நீட்டினால் பலன் உண்டு. படபடப்பு இன்றும் வருகிறது. முதல் அரை நிமிடத்தில் அடங்கிவிடுகிறது.

அதன் பலனைச் சென்ற ஆண்டு வேளச்சேரியில், எங்கள் குடியிருப்பின் பொதுக்குழுவில் கண்டேன். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது தோண்டிய குழிகள் தூர்ந்து கிடக்க, நாங்கள் லாரித் தண்ணீருக்குக் காசு கொட்டிக்கொண்டிருந்தோம். அதைச் சொல்லத் தொடங்கியதுமே, "முதல்ல கணக்கைக் காட்டுங்க சார்!" என்று ஒருவர் கத்தினார். பழைய நானாக இருந்தால் பதறிப்போய் உளறியிருப்பேன். அன்று மூன்று விநாடி வாய் திறக்காமல் நின்றேன். சலசலப்பு ஓய்ந்தபின் அட்டையிலிருந்த தொகையை மட்டும் வாசித்தேன். குழிகளைத் தூர்வாரும் தீர்மானம் நிறைவேறியது. பத்து 'வந்து'வாவது சொல்லியிருப்பேன். அங்கே எண்ண ஆளில்லை.

இவ்வளவு பெற்றும் சந்தாவைப் புதுப்பிக்கப்போவதில்லை. கடந்த ஞாயிறன்று என் தந்தையின் கடைசி நாட்களைப் பற்றிப் பேசினேன். தொண்டை அடைத்த இடத்தில் வெளிப்பட்ட 'ம்'மையும் சேர்த்து, 4 என்று வாசித்தார்கள். நண்பர் தாராளமாகச் சேரட்டும். அந்த ஆசிரியை மதிப்பிடும் வாரமாகப் பார்த்து முதல் பேச்சை வைத்துக்கொள்ளட்டும். என்னை மட்டும் கூப்பிட வேண்டாம்.