கொச்சிக் கன்றுக்கு லேபல் இல்லாத போத்தலில் மருந்து வாங்காதீர்கள்

மட்டக்களப்பில் வளவுக்குள் கொச்சிக்காய் (மிளகாய்) வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள். கல்லடிப் பக்கம் ஒரு வீட்டுக்காரர் இலை சுருளுது என்று போய்க் கேட்க, ஒரு கடையில் பழைய சோடாப் போத்தலில் மஞ்சளாக ஏதோ ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். லேபல் இல்லை, பில்லும் இல்லை. "எல்லாப் பூச்சிக்கும் இது போதும், லீற்றருக்கு ஒரு மூடி" என்பதுதான் அறிவுரை. இரண்டு தரம் அடித்தும் சுருள் கூடியதே தவிரக் குறையவில்லை. கன்றில் நிற்கும் காயைப் பறிக்கவும் வழியில்லை. என்ன மருந்தென்றே தெரியாமல், அடித்த பிறகு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று யார் சொல்வது?

எல்லாச் சுருளுக்கும் ஒரே மருந்து கிடையாது. முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து இலை தோணி மாதிரி நின்றால் பனிப்பூச்சி. கொழுந்தை வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் ஒரு மில்லிமீற்றர் அளவில், மஞ்சளாக, ஒடுங்கிய பூச்சிகள் ஓடும். கச்சான் காற்று அடித்து வளவு காயும் நாட்களில் இது வேகமாகப் பெருகும். 5 மில்லி வேப்பெண்ணெயை 2 மில்லி சவர்க்காரக் கரைசலோடு நன்றாகக் கலக்கி, பிறகு ஒரு லீற்றர் தண்ணீரில் சேருங்கள். சவர்க்காரம் இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து, கடைசியில் அடிபடும் கன்றைக் கருக்கும். வெயில் சாய்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனைய அடித்து, 5 முதல் 7 நாளில் திரும்ப அடிக்க வேண்டும்.

இலை கீழ்நோக்கிக் குவிந்து, ஒடுங்கி, காம்பு நீண்டிருந்தால் சிற்றுண்ணி. வெறுங்கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. இது பூச்சியல்ல, சிலந்திக்கு உறவான உயிர், ஆகவே பூச்சிக்கென்று விற்கும் பல மருந்துகள் இதைத் தொடாது. சைபர்மெத்ரின் போன்ற பூச்சி மருந்துகள் உண்ணியைத் தின்னும் நல்ல உயிர்களைக் கொன்று, நிலைமையை இன்னும் மோசமாக்கும். அந்த வீட்டு இலைகள் இப்படித்தான் கீழே குவிந்திருந்தன. இதற்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கி அடிக்கும் கந்தகத் தூள்), லீற்றருக்கு 2 முதல் 3 கிராம். உச்சி வெயிலில் அடித்தால் இலை எரியும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு கிழமைக்குள் கந்தகம் அடிப்பதும் கூடாது.

நரம்பு மஞ்சளாகி, இலை சிறுத்து, கன்று குட்டையாகவே நின்றால் அது வெண் ஈ கொண்டுவந்த வைரசு. அதற்கு மருந்து இல்லை. பிடுங்கி எரியுங்கள்.

மருந்து வாங்கத்தான் வேண்டுமென்றால் மூடி உடையாத போத்தல், மருந்தின் பெயர், பதிவு இலக்கம், காலாவதித் திகதி, தமிழில் லேபல், கூடவே பில் எல்லாம் இருக்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிச் சட்டம் இருப்பதே இதற்காகத்தான். மூடிக் கணக்கையும் நம்பாதீர்கள், மூடிக்கு மூடி அளவு மாறும். மருந்துச் சிரிஞ்சால் அளவுங்கள்.

இப்படியொரு போத்தல் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மண்ணில் ஊற்ற வேண்டாம். நம்முடைய மணல் தரையில் அது நேரே கிணற்றுக்கு இறங்கும். பிள்ளைகள் குளிர்பானம் என்று எடுக்காதபடி பூட்டி வையுங்கள். பிறகு சுருண்ட கொழுந்து ஒன்றோடு அதைக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி, கடையைப் பற்றியும் சொல்லுங்கள். போக முடியாதவர்கள் விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கமான 1920க்கு அழைத்துக் கேட்கலாம்.