எல்சி3பி ஆன்டிபாடி: பாலிகுளோனலா, மோனோகுளோனலா?

ஆட்டோஃபேஜி ஆய்வில் இறங்கும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த எல்சி3பி ஆன்டிபாடியை (அந்தப் புரதத்தைத் தேடிப் பிடித்துக் காட்டும் எதிர்ப்புரதம்) வாங்குவது என்றுதான். ஆட்டோஃபேஜியில் செல் தன் சொந்தச் சரக்கையே சவ்வுப் பையில் கட்டி லைசோசோமுக்கு அனுப்பிச் செரிக்கிறதே, அந்தப் பையின் சவ்வில் ஒட்டிக்கொள்ளும் புரதம் எல்சி3; எல்சி3பி அதன் ஒரு வகை. ஈஸ்ட்டின் ஏடிஜி8 புரதத்துக்குப் பாலூட்டிகளில் உள்ள இணை இதுவே என்று 2000-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் பிளாட்டில் இது இரண்டு பேண்டாக (பட்டையாக) வரும். மேலே 16 கிலோடால்டன் பக்கம் எல்சி3-1, கீழே 14 பக்கம் எல்சி3-2. கொழுப்பு சேர்ந்ததால் இரண்டாவதுதான் எடை கூடியது. ஆனாலும் நீரை வெறுக்கும் அந்தக் கொழுப்பால் ஜெல்லில் அது வேகமாக ஓடிக் கீழே போய்விடுகிறது. ஒரே ஆன்டிபாடி இந்த இரண்டையும் ஒரே அளவில் பிடிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பல ஆன்டிபாடிகள் எல்சி3-2-ஐயே நன்றாகப் பிடிக்கின்றன. என்னைப் பொறுத்தவரை தேர்வே இங்கேதான் இருக்கிறது.

பல ஆன்டிபாடிகளின் கலவையான முயல் பாலிகுளோனலை நான் பல வருடம் பயன்படுத்தினேன். சிக்னல் பலமாக வரும், திசுவிலும் ஓரளவு ஒத்துழைக்கும். குறை, லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் ஆளே மாறிவிடும். ஒருமுறை புதிய லாட்டில் எல்சி3-1 பேண்ட் ஏறக்குறைய மறைந்துவிட்டது. எங்கள் மருந்து எல்சி3-1 எல்சி3-2 ஆக மாறுவதைத் தூண்டுகிறது என்று மகிழ்ந்தோம். மூன்று வாரம் கழித்து, பழைய குப்பியில் மிஞ்சிய கொஞ்சத்தை அதே சாம்பிளில் போட்டுப் பார்த்தால், எல்சி3-1 அங்கேயே இருக்கிறது! அன்று முதல் 2-க்கும் 1-க்கும் உள்ள விகிதத்தை நான் நம்புவதில்லை. எல்சி3-2-ஐ, செல்லில் அளவு அதிகம் மாறாத ஆக்டின் புரதத்தோடுதான் ஒப்பிடுகிறேன். எல்சி3-1 உறைந்து உருகினாலே குறைந்துவிடும் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

எலி மோனோகுளோனலில் ஆன்டிபாடி ஒரே செல் வழியிலிருந்து (குளோன்) வருவதால் லாட் தொல்லை குறைவு. ஆனால் எலித் திசுவில் போட்டால் முதல் ஆன்டிபாடியைக் காட்டப் போடும் இரண்டாம் ஆன்டிபாடி திசுவின் சொந்த ஆன்டிபாடியான ஐஜிஜியையும் பிடித்து, பின்னணி முழுக்க ஒளிரும். ஹீலா போன்ற மனித செல்களில் மட்டும் வேலை செய்பவர்களுக்குச் சரி.

ரீகாம்பினன்ட் முயல் மோனோகுளோனல்தான் என் தேர்வு. அமினோ அமில வரிசை தெரிந்து, அதன் மரபணுவைக் கொண்டு தயாரிக்கும் ஆன்டிபாடி என்பதால் இன்று வாங்கியதும் ஐந்து வருடம் கழித்து வாங்குவதும் ஒன்றாகவே இருக்க வேண்டும். விலை கூடுதலானாலும் அது வீணல்ல. ஆனால் ஒரே எபிடோப்பை (புரதத்தில் ஆன்டிபாடி ஒட்டும் இடம்) பிடிப்பதால், செல்லை ரசாயனத்தால் நிலைநிறுத்தி ஃபிக்ஸ் செய்யும்போது அது மறைந்துவிட்டால் சிக்னலும் போய்விடும். பிளாட்டில் அருமையாக வந்த குளோன் இம்யூனோஃபுளோரசன்ஸில் (புரதத்தைச் செல்லிலேயே ஒளிர வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் முறை) வெறுமையாக நிற்கலாம். அப்போது ஆன்டிபாடியைக் குறை சொல்வதற்கு முன் மெத்தனாலில் ஃபிக்ஸ் செய்து பாருங்கள். செல் சவ்வைத் துளையிட டிரைட்டனுக்குப் பதிலாக டிஜிடோனின் போட்டும் பாருங்கள்.

எல்சி3 வேண்டாம், பி62 மட்டும் போதுமா என்றும் கேட்கிறார்கள். பி62 ஆட்டோஃபேஜியில் செரிக்கப்படும் புரதம்; ஓட்டம் தடைபட்டால் சேர்ந்துகொண்டே போகும். பேண்ட் 62 பக்கம் ஒன்றே ஒன்று, படிக்க எளிது. ஆனால் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் என்ஆர்எஃப்2 என்ற புரதம் அதன் மரபணுவைத் தூண்டிவிடுவதால், செரிமானம் சரியாக நடந்தாலும் அளவு ஏறலாம். அதனால் துணைக்கு மட்டும் வையுங்கள். எல்சி3 முயல் என்றால் பி62-ஐ எலியிலோ கினிப் பன்றியிலோ வாங்குங்கள், ஒரே ஸ்லைடில் இரண்டையும் பார்க்கலாம்.

எதை வாங்கினாலும், லைசோசோமில் செரிமானத்தை நிறுத்தும் பாஃபிலோமைசின் போட்ட லேனும் போடாத லேனும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். எல்சி3-2 கூடியது உருவாக்கம் கூடியதாலா, செரிமானம் நின்றதாலா என்பதை எந்த ஆன்டிபாடியும் தனியாகச் சொல்லாது. மெம்பிரேன் 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் ஆக இருக்கட்டும், 0.45 என்றால் இவ்வளவு சிறிய புரதம் ஊடுருவிப் போய்விடக்கூடும். அப்புறம், ஆர்டர் போடும் முன் எல்சி3பி நாக்அவுட் (அந்த மரபணுவை முடக்கிய) செல்லில் எடுத்த பிளாட் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். எல்சி3ஏ என்ற மற்றொரு வகை கிட்டத்தட்ட அதே உருவம், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் உண்டு.