இரண்டடித் தொட்டி செட்: பெட்டிக்குள் இல்லாதவற்றின் கணக்கு

கோலாலம்பூரில் எந்த மீன் கடைக்குள் போனாலும், ஷோப்பியிலோ லசாடாவிலோ தேடினாலும், முதலில் கண்ணில் படுவது இரண்டடி செட்தான். கண்ணாடித் தொட்டி, மேலே டாப் ஃபில்டர், எல்இடி விளக்கு, மூடி, ஒரு பை வண்ணக் கல், இரண்டு பிளாஸ்டிக் செடி, ஒரு பொட்டலம் பாக்டீரியாத் தூள். பிராண்டுகள் மாறினாலும் உள்ளடக்கம் ஏறக்குறைய இதேதான். அதனால் இந்த விமர்சனம் ஒரு பிராண்டைப் பற்றியதல்ல. இந்த வகை செட்டை வாங்கினால் முதல் மீன் உள்ளே போகும்வரை என்னென்ன நடக்கும், பெட்டி எதைத் தருகிறது, எதைத் தராமல் விடுகிறது என்பதைப் பற்றியது.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். 60 × 30 × 36 செ.மீ. என்பது முதல் தொட்டிக்குச் சரியான அளவு. கல்லையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் சுமார் 50 லிட்டர். ஓரடி கனசதுரத் தொட்டி அழகுதான். ஆனால் அதில் ஒரு மீன் செத்துக் கிடந்து நீங்கள் கவனிக்காவிட்டால் ஒரே இரவில் தண்ணீர் கெட்டுவிடும். 50 லிட்டரில் தவறைத் திருத்த கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். 5 மி.மீ. கண்ணாடி இந்த உயரத்துக்குப் போதும். சிலிக்கான் ஓரங்களில் குமிழி இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பிறகு குளியலறைத் தரையில் மட்டமான இடத்தில் வைத்து, நிரப்பி, 24 மணி நேரம் விடுங்கள். கசிந்தால் அங்கேயே கசியட்டும்.

டாப் ஃபில்டர் இந்த செட்டின் பலம். தண்ணீர் பம்ப் வழியாக மேலேறி, பஞ்சைக் கடந்து, மறுபடி மேற்பரப்பில் விழுகிறது. விழும்போதே காற்று கலக்கிறது. நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை. 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 8.2 மி.கி. ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் 7.5 தான். கொண்டோவை மூடிவிட்டு வேலைக்குப் போனால் மதியத்தில் தொட்டி 30-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். சில செட்டில் ஹீட்டரும் வரும். தொட்டி இருக்கும் அறையில் இரவு முழுக்க ஏர்கோன் ஓடினால் தவிர அதற்கு இங்கே வேலையே இல்லை, பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஃபில்டருக்குள் வரும் கரி அடைத்த கார்ட்ரிஜ்தான் குறை. மாதம் ஒருமுறை மாற்றச் சொல்லிப் பெட்டியில் அச்சடித்திருப்பார்கள். அப்படி மாற்றினால் அதில் குடியேறிய, மீன் கழிவின் நஞ்சை மாற்றும் பாக்டீரியா முழுவதும் குப்பைத்தொட்டிக்குப் போகும், நீங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவீர்கள். கார்ட்ரிஜை எடுத்துவிட்டு, தண்ணீர் முதலில் விழும் இடத்தில் சொரசொரப்பான பஞ்சும் அதற்கு அடுத்து அரை கிலோ பீங்கான் பயோ ரிங்கும் (பாக்டீரியா குடியேறும் வளையம்) போடுங்கள். பஞ்சு அடைத்துக்கொண்டால் தொட்டித் தண்ணீரை வாளியில் எடுத்து அதில் பிழிந்து அலசவேண்டும். குழாயடியில் அலசக்கூடாது, அதிலுள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும்.

இன்னொரு எரிச்சல், பிளக். பல செட்டுகள் இரண்டு தட்டைக் கால் பிளக்கோடுதான் வருகின்றன. பேனா மூடியைச் செருகி சுவிட்ச் துளையைத் திறக்கும் வித்தை தண்ணீர்ப் பக்கத்தில் வேண்டாம். மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை உள்ள மூன்று கால் அடாப்டர் வாங்குங்கள். வயர் சுவிட்சுக்குள் நுழையும் முன் அதைவிடத் தாழ்வாக ஒரு வளைவு விழவேண்டும். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டி நிற்கும், பிளக்கை எட்டாது.

எடைக் கணக்கையும் பெட்டி சொல்வதில்லை. தண்ணீர் 50 கிலோ, கல் 11, கண்ணாடி 10, மேலே ஃபில்டர். மொத்தம் 75 கிலோவுக்குப் பக்கம். மரத்தூள் பலகையில் செய்த டிவி கேபினட் இதைச் சில மாதம் தாங்கும், பிறகு ஓரத்தில் தண்ணீர் பட்டு உப்பும், தொட்டி சாயும். இரும்பு ஸ்டாண்டு பார்க்க அழகில்லை, ஆனால் நிம்மதி. அடியில் பிளாஸ்டிக் சட்டம் இல்லாத தொட்டி என்றால் ஒரு ஃபோம் தாள் விரிக்கவேண்டும். சட்டம் உள்ளதற்கு வேண்டாம்.

செட்டோடு வரும் வண்ணக் கல் பை எப்போதும் போதாது. 4 செ.மீ. உயரத்துக்கு 11 கிலோ வேண்டும். சாயம் பூசாத ஆற்றுக் கல்லை 2 முதல் 4 மி.மீ. அளவில் தனியாக வாங்குங்கள். அலசிய தண்ணீர் தெளியும்வரை வாளியில் அலசவேண்டும். சோப்பு அறவே கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் காசு கொடுத்தால் ஒரு நாளில் தீரும் சமாச்சாரம். பெட்டி உண்மையில் தராதது நான்கு: நல்ல ஆன்டி-குளோரின், சோதனைக் கிட், அம்மோனியா, ஒரு மாத காலம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை அவ்வளவு கெடுதியில்லாத நைட்ரேட்டாக்கும். மீன் வருமுன்பே நாமே அம்மோனியா ஊற்றி இந்தப் பாக்டீரியாவை வளர்க்கத்தான் அந்த ஒரு மாதம்.

நம் குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு, இருந்தாகவும் வேண்டும். தரை வீடுகளில் பொதுவாகச் சமையலறைக் குழாய்க்கு நேரடி மெயின் தண்ணீர், மற்றக் குழாய்களுக்குக் கூரைத் தாங்கித் தண்ணீர். தாங்கியில் தங்கியதில் குளோரின் குறைந்திருக்கும், ஆனால் குறைந்திருக்கும் என்று நம்பி ஊற்றவேண்டாம். கடையில் வெள்ளைக் கட்டியாகக் கிடைக்கும் ஆன்டி-குளோரின் மலிவு, வேலை செய்யும், ஆனால் அளப்பது கடினம். சீகெம் பிரைம் போன்ற திரவம் எளிது: 200 லிட்டருக்கு 5 மி.லி., ஆக நம் தொட்டிக்கு 1.25 மி.லி. அதன் மூடியில் உள்ள ஒரு மரை வரி ஏறக்குறைய 1 மி.லி. தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைக்கும் பழைய வழியும் சரிதான், ஆனால் ஏடிஸ் கொசுவும் அதே வாளியைத்தான் தேடுகிறது. வைத்தால் வலை போட்டு மூடுங்கள்.

தண்ணீர் வெட்டு முடிந்து ஆயர் சிலாங்கூர் திறந்துவிட்ட முதல் தண்ணீரைத் தொட்டிக்குப் பிடிக்காதீர்கள். குழாய்க்குள் படிந்திருந்த கசடெல்லாம் அதில் வரும்.

சோதனைக் கிட்டில் காகிதப் பட்டை வேண்டாம். பெரும்பாலான பட்டைகளில் அம்மோனியாவே இருக்காது, இந்த மாதம் முழுக்க நமக்கு வேண்டியதோ அதுதான். ஏபிஐ மாஸ்டர் கிட் போன்ற சொட்டுக் கிட் வாங்குங்கள். விலை தொட்டி செட்டோடு போட்டி போடும், ஆனால் நூற்றுக்கணக்கான சோதனைக்கு வரும். 5 மி.லி. தண்ணீரில் அம்மோனியாவுக்கு இரண்டு புட்டியிலிருந்தும் எட்டெட்டுச் சொட்டு, ஐந்து நிமிடம். நைட்ரைட்டுக்கு ஐந்து சொட்டு, ஐந்து நிமிடம். நைட்ரேட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: இரண்டாவது புட்டியை அரை நிமிடம் பலமாகக் குலுக்காவிட்டால் அடியில் படிந்த மருந்து வெளிவராது, எப்போதும் சுழியம் காட்டும். சொட்டு விட்டபின் குழாயையும் ஒரு நிமிடம் குலுக்கவேண்டும். புட்டியைச் சாய்க்காமல் நேராகக் கவிழ்த்துப் பிடித்தால்தான் சொட்டு ஒரே அளவில் விழும்.

மாஸ்டர் கிட்டில் கேஎச் (தண்ணீரில் உள்ள கார்பனேட் அளவு) சோதனை கிடையாது. அதைத் தனியாக வாங்கச் சொல்வது கடைக்காரருக்கு வியாபாரம் பிடிக்க அல்ல, காரணம் கீழே.

அம்மோனியாவுக்குச் சுத்தமான அம்மோனியம் குளோரைடு தூள் நல்லது. நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசில் 6 கிராம் எடுத்து, கரைத்து 200 மி.லி. ஆக்கி, புட்டியில் பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதில் 10 மி.லி. ஊற்றினால் 50 லிட்டரில் அம்மோனியா ஏறக்குறைய 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மி.கி.) ஆகும். ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுகவிடும் முறையை இன்னும் சொல்பவர்கள் உண்டு. அதில் அளவு கையில் இல்லை, நம் வெயிலுக்கு மூன்றாம் நாள் வீடே நாறும்.

வேலை இப்படிப் போகும். ஃபில்டர் இரவு பகலாக ஓடவேண்டும், விளக்கு அணைந்தே இருக்கட்டும். வெளிச்சம் பாசிக்குத்தான் உதவும். முதல் நாள் 2 பிபிஎம். முதல் வாரம் எதுவும் நடக்காது, அதுதான் சரி. பிறகு அம்மோனியா இறங்க, நைட்ரைட் ஏறும். அம்மோனியா சுழியம் தொட்டதும் மறுபடி 10 மி.லி. நைட்ரைட் 5 பிபிஎம்முக்கு மேல் போய்க் கிட்டின் கடைசி ஊதா நிறத்தில் நின்றுவிட்டால் அம்மோனியாவை நிறுத்தி, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். நைட்ரைட்டைத் தின்னும் பாக்டீரியா மெதுவாக வளரும். மீன்தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்பது 1998-இல்தான் ஆய்வில் தெளிவானது. அதுவரை எல்லோரும் நைட்ரோபாக்டர் என்றே நம்பியிருந்தார்கள். வெறும் அம்மோனியாவில் பாஸ்பரஸ் இல்லாததால் ஒரு சிட்டிகை மீன் தீனியும் தூவுங்கள்.

மூன்றாம் வாரம் இங்கே பலருக்கும் எல்லாம் நின்றுபோகும். அம்மோனியா இறங்காது, நைட்ரைட்டும் அசையாது. கடைக்காரர் இன்னொரு புட்டி பாக்டீரியா விற்பார். பெரும்பாலும் குறை பாக்டீரியாவில் இல்லை, கேஎச்சில். அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகிறது. அதைத் தாங்குவது தண்ணீரில் உள்ள கார்பனேட், அதாவது கேஎச். ஒவ்வொரு 2 பிபிஎம் அம்மோனியாவும் சுமார் 0.7 டிகிரி கேஎச்சை விழுங்கும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆற்றுத் தண்ணீர் மென்மையானது. குழாயில் கேஎச் 2 இருந்தால் மூன்றாவது ஊற்றலோடு கையிருப்பு தீர்ந்தது. பிஎச் 6-ஐ நோக்கிச் சரியும், பாக்டீரியா வேலையை நிறுத்தும். சுண்ணாம்புப் பாறைத் தண்ணீர் உள்ள நாடுகளில் எழுதிய வழிகாட்டிகளில் இது ஒரு வரி கூட இருக்காது.

தீர்வு சமையலறையில் இருக்கிறது. 3 கிராம் ரொட்டி சோடா 50 லிட்டரில் கேஎச்சை 2 டிகிரி ஏற்றும். பேக்கிங் பவுடர் வேறு சரக்கு, அதைப் போடாதீர்கள். வாரம் ஒருமுறை சொட்டுக் கிட்டில் பாருங்கள்: நீலம் மஞ்சளாக எத்தனை சொட்டோ அத்தனை டிகிரி. 3-க்குக் கீழ் போகவிடாதீர்கள். கையில் சோடா போட்டுக்கொண்டே இருக்க விருப்பமில்லை என்றால் ஒரு கைப்பிடி பவளச் சல்லியை வலைப்பையில் கட்டி ஃபில்டரில் வைக்கலாம். கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலையும் மரக்கட்டையும் இந்த மாதத்தில் வேண்டாம். அவை எதிர்த்திசையில் இழுக்கும்.

செட்டோடு வரும் பாக்டீரியாத் தூள் பற்றி: அச்சடித்திருக்கும் "அன்றே மீன் விடலாம்" என்ற வாக்கியத்தை நம்பவேண்டாம். நைட்ரோஸ்பைரா போன்றவை விதையுறை கட்டி உலர்ந்து வாழும் சாதியல்ல. தூளில் இருப்பது பெரும்பாலும் கழிவைத் தின்னும் வேறு வகை. திரவமாக வரும் நல்ல பிராண்டுகள் காலத்தைக் குறைக்கலாம், வெயிலில் லாரியில் வேகாமல் வந்திருந்தால். நண்பர் வீட்டில் நோயில்லாமல் ஓடும் தொட்டியின் பழைய பஞ்சு கிடைத்தால் அதுதான் உத்தமம். கடைத் தொட்டியின் பஞ்சு வேண்டாம். எத்தனையோ ஊர் மீன் தங்கிப்போன இடம் அது.

2 பிபிஎம் ஊற்றி 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம் என்றால் தொட்டி தயார். நம் சூட்டுக்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம். நைட்ரேட் அப்போது உச்சத்தில் இருக்கும். முக்கால் பங்கு தண்ணீரை மாற்றி 20 பிபிஎம்முக்குக் கீழ் கொண்டுவாருங்கள். மறுநாளே மீன். தள்ளிப்போட்டால் தினமும் கொஞ்சம் அம்மோனியா ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பாக்டீரியா பட்டினி.

பெட்டிப் படத்தில் இருக்கும் தங்கமீன் இந்தத் தொட்டிக்கு ஆகாது. வளர்ந்தால் திரும்பவே இடம் போதாது. கப்பிக்குக் கடினத் தண்ணீர் பிடிக்கும், இங்கே தொடர்ந்து பவளச் சல்லி வைக்கவேண்டி வரும். நம் தீபகற்பத்து ஓடைகளிலேயே பிறந்த ஹார்லிகுவின் ராஸ்போரா இந்த மென்தண்ணீரில் மல்லுக்கட்டாமல் வாழும். முதலில் ஐந்து, அம்மோனியா இரண்டு வாரம் சுழியத்திலேயே நின்றால் இன்னும் ஐந்து.

தாமானில் கொசுப் புகை அடிக்க வருகிறார்கள் என்று அறிவிப்பு வந்தால் ஜன்னலைச் சாத்தி, தொட்டி மூடிமேல் ஈரத்துணி போடுங்கள். ஏர் பம்ப் இருந்தால் புகை கலையும்வரை நிறுத்தி வையுங்கள், அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுவது அதுதான். டாப் ஃபில்டர் ஓடட்டும்.